அழிக்காத கொப்பி: ஸ்காலா மொழியில் ஒரு கடன் கணக்கு

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை ஒரு பாடமாக எடுத்திருக்கும் நாங்கள் பைதன் மொழியில்தான் செய்நிரல் எழுதப் பழகுகின்றோம். பரீட்சைக்கு அது போதும். அப்படியிருக்க, பாடத்திட்டத்தில் இல்லாத ஸ்காலா என்ற மொழியை எதற்காகப் படிக்கிறாய் என்று உம்மா என்னிடம் கேட்டார். இதை வாசிக்கும் பெற்றோரும் அதையே கேட்கக்கூடும். ஒரே வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு சில்லறைக் கடையின் கடன் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியும். கணினியைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் கடன் கொப்பி என்றால் என்னவென்று தெரியும் அல்லவா?

எங்கள் வாப்பாவின் கடையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கொப்பியில் ஒரு பக்கம் இருக்கும். இடப்பக்கம் திகதி. நடுவில் எடுத்த சாமானின் பெறுமதி அல்லது கட்டிய காசு. வலப்பக்கம் மிச்சம். ஒரு பக்கம் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 3 ஆம் திகதி 1,250 ரூபாவுக்குச் சாமான், மிச்சம் 1,250. 5 ஆம் திகதி 840 ரூபாவுக்குச் சாமான், மிச்சம் 2,090. 10 ஆம் திகதி 1,500 ரூபா கட்டியது, மிச்சம் 590. 14 ஆம் திகதி 430 ரூபாவுக்குச் சாமான், மிச்சம் 1,020. 17 ஆம் திகதி 600 ரூபா கட்டியது, மிச்சம் 420.

இந்தக் கொப்பியில் வாப்பா எதையும் அழிப்பதில்லை. தொகை பிழைத்துப்போனால்கூடக் கீழே இன்னொரு வரி போட்டுத்தான் சரிசெய்வார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றிய வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282 ஆவது வசனம். அதனால் கடன் எழுதும் விடயத்தில் வாப்பா விளையாட்டுக்கும் இடம் கொடுப்பதில்லை. நான் சொல்ல வந்தது அந்த அழிக்காத பழக்கத்தைப் பற்றித்தான். ஸ்காலாவின் பாதி அதில் அடங்கிவிடுகிறது.

இனி மொழிகளுக்கு வருவோம். செய்நிரல் எழுதுவதில் பல பாணிகள் உண்டு. அவற்றில் இரண்டு நமக்கு இங்கே வேண்டும்.

முதலாவது பொருள்நோக்குப் பாணி. உலகத்தில் உள்ள பொருள்களைப் போலவே செய்நிரலுக்குள்ளும் பொருள்களை உண்டாக்குவது. வாடிக்கையாளர் ஒரு பொருள். அவருக்குப் பெயர், முகவரி, மிச்சம் என்ற பண்புகள் உண்டு. ‘சாமான் எடு’, ‘காசு கட்டு’ என்ற செயல்களும் உண்டு. இப்படி ஒரே மாதிரியான பொருள்களுக்கெல்லாம் பொதுவான அச்சுக்குத்தான் வகுப்பு என்று பெயர். நோர்வே நாட்டில் ஓலே-யொஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இருவர் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியிலிருந்து இந்தப் பாணி வளர்ந்தது. ஜாவா இதில் ஊறிய மொழி. பைதனிலும் வகுப்பு எழுதலாம்.

இரண்டாவது சார்புப் பாணி. இணைந்த கணிதம் படிக்கும் தோழியருக்குச் சார்பு புதிதல்ல. ஒரு பெறுமானத்தைக் கொடுத்தால் இன்னொரு பெறுமானம் வரும். கொடுத்த பெறுமானம் அப்படியே இருக்கும். 5 இன் வர்க்கம் 25 என்பதற்காக 5 என்ற எண் 25 ஆக மாறிவிடுவதில்லையே. செய்நிரலையும் இதே ஒழுங்கில் எழுதலாம் என்பதுதான் இப்பாணி. இதன் வேர் 1930 களில் அலொன்சோ சேர்ச் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் வகுத்த லாம்டா கணிதத்தில் இருக்கிறது. பைதனில் ‘லாம்டா’ என்றொரு சொல் வருகிறதே, அது அங்கிருந்து வந்ததுதான். 1958 இல் ஜோன் மெக்கார்த்தி வடிவமைக்கத் தொடங்கிய லிஸ்ப், இந்த வழியில் வந்த முதல் மொழி.

இந்த இரண்டு பாணிகளையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றே பலர் நினைத்திருந்தார்கள். ஒன்றில் பொருள்கள் தம் நிலையை மாற்றிக்கொண்டே இருக்கும். மற்றதில் எதுவும் மாறுவதில்லை. இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்துப் பார்த்தவர் மார்ட்டின் ஒடெர்ஸ்கி என்ற பேராசிரியர். பஸ்கால் மொழியை உருவாக்கிய நிக்லவுஸ் விர்த்திடம் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழினுட்ப நிறுவகத்தில் 2001 இல் ஸ்காலாவை வடிவமைக்கத் தொடங்கினார். 2004 இல் அது வெளியே வந்தது. இப்போது நாம் படிக்கும் மூன்றாம் பதிப்பு 2021 இல் வந்தது. தேவைக்கேற்ப வளரக்கூடிய மொழி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கித்தான் ஸ்காலா என்று பெயர் வைத்தார்கள். இத்தாலிய மொழியிலோ ஸ்காலா என்றால் படிக்கட்டு.

ஸ்காலா ஜாவாவின் இயந்திரத்தின் மேலேயே ஓடுகிறது. ஆகவே ஜாவாவில் ஏற்கனவே எழுதிய எதையும் அதில் பயன்படுத்தலாம். பெருந்தொகைத் தரவுகளைக் கையாளும் அப்பாச்சி ஸ்பார்க் ஸ்காலாவில் எழுதப்பட்டதுதான்.

இனிக் கடைக்குத் திரும்புவோம். ஏனென்றால் இவ்விரு பாணிகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு புத்தகக் கதையல்ல என்பதை நான் கண்டது அங்கேதான்.

சென்ற வருடம் நானா, கடைக் கணக்கைக் கணினிக்கு மாற்றினார். அவருடைய கூட்டாளி ஒருவர் செய்துகொடுத்த சிறிய செய்நிரல் அது. கடையிலுள்ள மடிக்கணினியிலும் நானாவின் போனிலும் வேலை செய்யும். எல்லோருக்கும் பிடித்திருந்தது. கொப்பியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டோம். இரண்டு மாதம் போனது. அயலில் தையல் தைத்துப் பிழைக்கும் மாமி ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்து, மிச்சம் 420 தானே என்று கேட்டார். திரையில் 1,020 என்று இருந்தது. தான் 600 ரூபா கட்டியதாக மாமி சொன்னார். கட்டியதற்கும் கட்டாததற்கும் திரையில் ஓர் அடையாளமும் இல்லை. கடை நிறைய ஆட்கள் நின்றார்கள். மாமியின் முகம் மாறிவிட்டது. வாப்பா உடனே, “ராத்தா சொன்னா சரிதான். அறுநூறக் கழிச்சிடு மகன்” என்றார். கணக்கு அதோடு முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு மாமி எங்கள் கடையில் கடனுக்கு எதையும் வாங்கவில்லை. காசு இருக்கும் நாளில் மட்டும் வந்து காசு கொடுத்து வாங்குகிறார். காசு இல்லாத நாளில் என்ன செய்கிறாரோ தெரியாது. உம்மாவுக்கு இன்றைக்கும் அது மனவருத்தம்தான்.

நான் அந்தச் செய்நிரலைத் திறந்து பார்த்தேன். பொருள்நோக்குப் பாணியில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். வாடிக்கையாளர் என்ற வகுப்பு. அதற்குள் மிச்சம் என்ற ஒரு மாறி. காசு கட்டினால், மிச்சம் சமன் மிச்சம் சய 600 என்ற கூற்று ஓடும். இதைக் கணிதப் பாடத்தில் எழுதினால் ஆசிரியை சிவப்புப் பேனையால் வட்டம் போடுவார். எந்த எண்ணும் தன்னைவிட 600 குறைந்த எண்ணுக்குச் சமனாகாது. கணினியிலோ அதன் பொருள், பழைய எண்ணை அழித்துவிட்டு அதே இடத்தில் புதிய எண்ணை எழுது என்பது. 1,020 போய்விடும், 420 வந்துவிடும். 1,020 ஒருகாலத்தில் இருந்தது என்பதற்கு எந்தத் தடயமும் மிஞ்சாது. கொப்பியில் வாப்பா ஒருபோதும் செய்யாத வேலையை இந்தச் செய்நிரல் ஒவ்வொரு தடவையும் செய்துகொண்டிருந்தது.

அது மட்டுமல்ல. மாமியின் அட்டையை நானா போனில் திறந்து வைத்திருக்கிறார் என்று நினையுங்கள். போனில் 1,020 தெரிகிறது. அதே நேரம் கடையில் வாப்பா 600 ஐப் பதிகிறார், மிச்சம் 420 ஆகிறது. பிறகு நானா மாமியின் தொலைபேசி இலக்கத்தைத் திருத்திவிட்டுச் சேமிக்கிறார். அந்தச் செய்நிரல் அட்டை முழுவதையும் திரும்ப எழுதுவதால் போனில் இருந்த பழைய 1,020 உம் இலக்கத்தோடு சேர்ந்து போய் உட்கார்ந்துவிடும். கட்டிய 600 ரூபா யாரும் களவெடுக்காமலே காணாமல் போகும். மாமியின் கணக்கில் நடந்தது இதுவா என்று சொல்ல முடியாது. சொல்வதற்கு வேண்டிய தடயத்தைத்தான் அந்தச் செய்நிரல் வைத்திருக்கவில்லையே. இவ்வாறு நடக்கக்கூடும் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஸ்காலாவில் ஒரு பெயரை அறிமுகப்படுத்த இரண்டு சொற்கள் உண்டு. ‘வார்’ என்று எழுதினால் அது பைதனில் உள்ளதைப் போன்ற மாறி. பிறகு மாற்றலாம். ‘வல்’ என்று எழுதினால் ஒருமுறை கொடுத்த பெறுமானம் கொடுத்ததுதான். அதை மாற்ற முயன்றால் செய்நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் நிறுத்திவிடும். ஸ்காலா எழுதுபவர்கள் முடிந்தவரை ‘வல்’ ஐத்தான் பாவிப்பார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வல்’ பூட்டுவது பெயரை மட்டுமே. அந்தப் பெயர் சுட்டும் பொருளே உள்ளுக்குள் மாறக்கூடியதாக இருந்தால் ‘வல்’ அதைத் தடுக்காது. பெட்டியில் ஒட்டிய பெயரைக் கழற்ற முடியாது, ஆனால் பெட்டி திறந்திருந்தால் உள்ளே கை போடலாம். ஆகையால் மாறாத பட்டியல்களையும் சேர்த்துப் பாவிக்க வேண்டும். ஸ்காலாவின் சாதாரணப் பட்டியல் மாறாததுதான்.

கடன் கொப்பியை நான் இப்படி எழுதினேன். ஒரு வரி என்பது ஒரு பொருள். அது இரண்டு வகைப்படும். ஒன்று ‘எடுத்தது’, மற்றது ‘கட்டியது’. இரண்டுக்கும் திகதியும் தொகையும் உண்டு. ஸ்காலாவில் இவற்றைக் ‘கேஸ் கிளாஸ்’ என்ற வடிவில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியே போதும். அவற்றின் பண்புகள் தாமாகவே ‘வல்’ ஆகிவிடும். வாடிக்கையாளர் இன்னொரு பொருள். அவருக்குப் பெயர் உண்டு, தொலைபேசி இலக்கம் உண்டு. மிச்சம் என்ற பண்பு மட்டும் இல்லை.

வாசிப்பவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. மிச்சம் எங்கே போயிற்று? மிச்சத்தை எங்கும் எழுதி வைக்க வேண்டியதில்லை. அது வரிகளிலிருந்து பிறக்கும் ஒரு பெறுமானம். வரிகளைக் கொடுத்தால் மிச்சத்தைத் தரும் ஒரு சார்பு இருந்தால் போதும். எழுதி வைக்காத ஒன்றை யாரும் தவறுதலாக அழித்துவிட முடியாது. நானா இலக்கத்தைத் திருத்தினால் இலக்கம் மட்டுமே திருந்தும்.

அந்தச் சார்பை எழுத ‘ஃபோல்ட் லெஃப்ட்’ என்ற ஒன்று ஸ்காலாவில் இருக்கிறது. ஃபோல்ட் என்றால் மடித்தல். ஒரு தொடக்கப் பெறுமானத்தையும், ஒரு வரியைக் கண்டால் என்ன செய்வது என்ற சிறிய சார்பையும் அதனிடம் கொடுக்க வேண்டும். எங்கள் தொடக்கம் 0. சிறிய சார்போ இதுதான்: வரி ‘எடுத்தது’ என்றால் தொகையைக் கூட்டு, ‘கட்டியது’ என்றால் கழி. மேலே எழுதிய பக்கத்தில் 0 இலிருந்து தொடங்கி 1,250, 2,090, 590, 1,020 என்று போய் 420 இல் நிற்கும். பைதனில் லூப் போட்டு இதையே செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் லூப்பில் ‘கூட்டு’ என்ற ஒரு மாறியை நாமே அழித்து அழித்து எழுதிக்கொண்டிருப்போம். இங்கே அந்த வேலை நம் கையில் இல்லை.

‘ஃபோல்ட் லெஃப்ட்’ என்பதற்குப் பதிலாக ‘ஸ்கேன் லெஃப்ட்’ என்று எழுதினால் கடைசி விடை மட்டுமல்ல, வழியிலுள்ள எல்லா விடைகளும் ஒரு பட்டியலாக வரும். 0, 1,250, 2,090, 590, 1,020, 420. அதை முதன்முதலாகத் திரையில் கண்டபோது எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாப்பாவின் கொப்பியில் வலப்பக்கத்தில் இருக்கும் அதே நிரல்தான் அது! ஒரு சொல்லை மாற்றியதும் கொப்பியின் பக்கம் முழுவதும் வந்துவிட்டது.

இங்கே பொருள்நோக்கும் சார்பும் எப்படிக் கைகோக்கின்றன என்பதைக் காணலாம். வரி என்ன வகை, வாடிக்கையாளர் யார் என்பதைப் பொருள்கள் சொல்கின்றன. கணக்கைச் சார்புகள் பார்க்கின்றன. ஸ்காலாவில் சார்பே ஒரு பொருள்தான். ஓர் எண்ணையோ பெயரையோ கொடுப்பதைப் போல ஒரு சார்பை இன்னொரு சார்பிடம் கொடுக்கலாம்.

வகுப்பில் இதைத் தோழியருக்குக் காட்டியபோது ஒருத்தி நல்லதொரு கேள்வி கேட்டாள். பட்டியல் மாறாது என்றால் ஒவ்வொரு வரியைச் சேர்க்கும்போதும் முழுப் பட்டியலையும் பிரதி எடுக்க வேண்டுமே, ஆயிரம் வரி இருந்தால் கணினியின் நினைவகம் என்னாவது? பதில் அழகானது. ஸ்காலாவின் பட்டியல் மணிகளைக் கோத்த தஸ்பீஹ் போன்றதல்ல, ஒவ்வொரு மணியும் தனக்கு அடுத்த மணியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்றது. தலைப்பக்கத்தில் ஒரு புதிய மணி வந்தால் அது பழைய முதல் மணியின் கையைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். பழைய பட்டியலும் முழுதாக இருக்கிறது, புதிய பட்டியலும் இருக்கிறது, இரண்டும் ஒரே மணிகளைப் பகிர்கின்றன. எதுவும் மாறாது என்ற உறுதி இருப்பதால்தான் இப்படிப் பயமின்றிப் பகிர முடிகிறது. வால்பக்கத்தில் சேர்ப்பதென்றால் மட்டும் எல்லாவற்றையும் பிரதி எடுக்க நேரிடும். ஆகவே புதிய வரியைத் தலையில் சேர்த்து, கொப்பியைப் போலக் காட்ட வேண்டிய நேரத்தில் திருப்பிக்கொள்வதே வழக்கம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னும் இருக்கிறது. வரி இரண்டு வகை என்றேன். ‘வரி’ என்ற பொதுவகையை ‘சீல்ட்’, அதாவது முத்திரையிட்டது, என்று அறிவித்தால் இந்த இரண்டைத் தவிர வேறு வகை இல்லை என்று கம்பைலருக்குத் தெரிந்துவிடும். சில நாட்களின் பின் வாப்பாவிடம் இதைக் காட்டியபோது அவர், “வெறும் சோடாப் போத்தல் திருப்பித் தந்தா அத எங்க எழுதுற, மகள்?” என்று கேட்டார். திருப்பித் தரும் போத்தலுக்கு ஒரு தொகை கடனில் கழியும். நான் ‘திருப்பியது’ என்ற மூன்றாவது வகையைச் சேர்த்தேன். உடனே கம்பைலர், மிச்சம் பார்க்கும் சார்பையும் பக்கத்தை அச்சிடும் சார்பையும் தனித்தனியே சுட்டி, இந்த வகைக்கு இங்கே என்ன செய்வதென்று எழுதப்படவில்லை என எச்சரித்தது. கடையில் ஒரு வாடிக்கையாளரின் கணக்குப் பிழைத்த பிறகு தெரியவேண்டியது, வீட்டில் மேசையில் வைத்தே தெரிந்துவிட்டது.

தொலைபேசி இலக்கம் இல்லாத வாடிக்கையாளரும் உண்டு. ஜாவா போன்ற மொழிகளில் அந்த இடத்தில் ‘நல்’ என்ற வெறுமையை வைப்பார்கள். 1965 இல் அதைக் கொண்டுவந்த டொனி ஹோர் என்ற அறிஞரே, அது தன்னுடைய நூறு கோடி டொலர்த் தவறு என்று 2009 இல் சொன்னார். வெறுமையை மறந்து அழைத்தால் செய்நிரல் நடுவழியில் விழுந்துவிடும். ஸ்காலாவில் ‘ஒப்ஷன்’ இருக்கிறது. இலக்கம் இருந்தால் ‘சம்’ என்ற உறைக்குள் வரும், இல்லாவிட்டால் ‘நன்’ என்று வரும். உறையைத் திறந்து பார்க்காமல் உள்ளே இருப்பதை எடுக்க மொழி விடாது.

ஸ்காலாவில் குறை இல்லையா? இருக்கிறது. ஒரே வேலையை ஐந்து விதமாக எழுதலாம். அதனால் ஒருவர் எழுதியது மற்றவருக்கு விளங்குவது கஷ்டம். கம்பைலர் பைதனைப் போல் உடனே ஓடாது, பழைய கணினியில் பொறுமை வேண்டும். சில பிழைச் செய்திகள் ஒரு பக்க நீளத்துக்கு வருகின்றன. தமிழில் வாசிக்க அநேகமாக ஒன்றுமில்லை. மாறாத பட்டியல் இருந்துவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்றும் நினைக்கக்கூடாது. வாப்பாவும் நானாவும் ஒரே நேரத்தில் வரி சேர்த்தால், எந்த வரி முதலில் என்று ஒழுங்குபடுத்த ஓர் இடம் வேண்டும். கியூவில் நிற்பது போல. அந்தப் பகுதியை நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை கொப்பியை லாச்சியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருக்கிறோம். வாப்பா அதிலும் எழுதுகிறார், நான் இரவில் கணினியில் பதிந்து இரண்டையும் ஒப்பிடுகிறேன்.

பரீட்சை இருக்கிறதே என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம். மேலே சொன்ன ஒழுங்கைப் பைதனிலும் கடைப்பிடிக்கலாம். பைதனின் டப்பிள் மாறாத பட்டியல்தான். மெப், ஃபில்டர், லாம்டா எல்லாம் அங்கும் உண்டு. பைதன் நம்மைத் தடுக்காது என்பதுதான் வித்தியாசம். தொடங்க விரும்பும் தோழியர் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஸ்காஸ்டி என்ற தளத்தில் எழுதியே ஓடவைக்கலாம். ஒடெர்ஸ்கி நடத்தும் பாடநெறி 2012 முதல் கோர்செராவில் இருக்கிறது. வீடியோவுக்கு டேட்டா போகும், ஆகவே வைஃபை உள்ள இடத்தில் பார்ப்பது நல்லது.

பழகிப் பார்க்க மூன்று கேள்விகள் தருகிறேன். முதற் பக்கத்தில் கொடுத்த ஐந்து வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வார்’ என்ற சொல்லை ஓரிடத்திலும் பாவிக்கக்கூடாது. ஒன்று, கடன் ஆகக் கூடுதலாக இருந்த நாள் எது, அன்றைய மிச்சம் எவ்வளவு? இரண்டு, 14 ஆம் திகதி முடிவில் மிச்சம் எவ்வளவு என்பதை, பின்னால் வந்த வரியை அழிக்காமல் எடுங்கள். மூன்று, 20 ஆம் திகதி மூன்று வெறும் போத்தல்கள் திரும்பி வந்ததாக ஒரு வரியைச் சேர்த்து, உங்கள் செய்நிரலில் எத்தனை இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

முதலாவதன் விடை 5 ஆம் திகதி, 2,090 ரூபா. இரண்டாவதன் விடை 1,020 ரூபா. மூன்றாவதற்கு விடை ஆளுக்காள் வேறுபடும், கம்பைலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.